வேளாண்மைக்காரனை வானத்துக்கு அனுப்பியவர்களுக்கு

'கலை அரசி' படத்தை இயக்கிய ஏ. காசிலிங்கம் ஐயா அவர்களுக்கும், அவரோடு உழைத்த அனைவருக்கும்:

இலங்கையின் மட்டக்களப்பில், உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் குடும்பத்தவன் நான். உங்கள் படம் 1963இல் வெளிவந்தது. நான் பார்த்தது பல வருடம் கழித்து, யுத்த காலத்தில். ஊரில் மின்சாரம் இல்லை. கோயில் வளவில் ஜெனரேற்றர் போட்டு, வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ஓடியது. அந்நாளில் வானம் என்றாலே எங்களுக்குப் பயம். அங்கிருந்து வருவது ஹெலி, இல்லாவிட்டால் இரவில் இராணுவம் போடும் பரா வெளிச்சம். அன்றிரவுதான் வானத்திலிருந்து ஒரு கதை வந்து இறங்கியது.

உங்கள் படத்தில் வேற்றுக் கிரகத்தாரிடம் விஞ்ஞானம் இருக்கிறது. பாட்டும் நடனமும் இல்லை. அதைக் கற்றுக்கொள்ள, பானுமதி நடித்த வாணியைத் தூக்கிப் போகிறார்கள். மீட்கப் போகும் மோகன் விஞ்ஞானி அல்ல, படைவீரனும் அல்ல, வயலில் பாடுபடுகிறவன். நடித்தவர் எங்கள் நாட்டு நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்.

ககாரின் விண்வெளிக்குப் போய் அப்போது இரண்டே வருடம். நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. செட்டும் விளக்கும் கமராத் தந்திரமும் கொண்டு நீங்கள் வேறோர் உலகத்தைக் கட்டினீர்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் மெக்சிகோவிலும் சிறு முதலீட்டில் இத்தகைய படங்கள் எடுத்தார்கள். 1960இல் ரொஹேலியோ கொன்சாலெஸ் எடுத்த 'லா நாவே தே லோஸ் மொன்ஸ்த்ருவோஸ்' படத்தில் வெள்ளிக் கிரகத்துக் கப்பல் நாட்டுப்புறத்தில் இறங்குகிறது. அங்கே எதிர்ப்படும் நாயகன், பாட்டுப் பாடும் குதிரைக்காரன்.  உங்கள் இரு தரப்புக்கும் தம் மண்ணின் ஆட்கள்மேல் நம்பிக்கை இருந்தது.

மறுநாள் இரவு, யானைக் காவலுக்கு அப்பாவோடு பரணில் இருந்தேன். "அங்கயும் வயல் இருக்குமா அப்பா?" என்று வானத்தைக் காட்டிக் கேட்டேன். "மனிசர் இருந்தா வயலும் இருக்கும்தானே மகன்," என்றார். அதற்குப் பிறகு இருட்டில் அண்ணாந்து பார்க்க நான் அஞ்சவில்லை. அதற்காகத்தான் இந்த நன்றி.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கைத்தொலைபேசியிலேயே படம் எடுக்கக்கூடிய காலம் இது. உங்கள் கதையில், இசை தேடி வரும் வேற்றுக் கிரகத்தார் பாடும் மீன்களின் மட்டக்களப்பு வாவியில் இறங்கட்டும். காசு சேரட்டும் என்று காத்திராமல் அந்தக் கதையை எடுங்கள்.


உன்னிச்சையிலிருந்து ஒரு வேளாண்மைக்காரன்