கணுக்கால் தண்ணீரில் சீறும் படகு!

கணுக்கால் அளவு தண்ணீரில் மோட்டார் படகு ஓடுமா? நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஓடுகிறது!

அங்கே வைமாகரிரி போன்ற ஆறுகள், கூழாங்கற்கள் நடுவே பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகின்றன. சாதாரண படகின் விசிறி கல்லில் மோதி உடைந்துவிடும். இதற்கு வழி கண்டவர் பில் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரர். 1950-களில், அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் படகை உருவாக்கினார். தண்ணீருக்குள் இருந்த பீய்ச்சுக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றியதும் வேகம் கூடியது. 1960-ல் அவருடைய படகுகள், கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்தே ஏறின.

இன்று அங்கே பலர் சொந்த ஜெட் படகை டிரெய்லரில் வைத்து, காரில் இழுத்து வருகிறார்கள். இறக்குவதற்கு முன் முதல் வேலை, வடிகால் ஓட்டையின் மூடியைச் சரிபார்ப்பது. மறந்தால் படகுக்குள் தண்ணீர்தான்!

அடுத்தது பொறுமை. வேகமெடுத்தால் படகு மேலெழும்பி, ஆழமே இல்லாத இடத்தையும் தாண்டிவிடும். நிற்கும்போதோ உடல் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும். கரையோரம் இன்ஜினை முடுக்கினால் கற்களையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதனால், ஆழம் வரும்வரை தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

திரும்ப டிரெய்லரில் ஏற்றும்போதுதான் உண்மையான சோதனை. இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீர்தான் திசை திருப்பும். பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் படகு திரும்பாது. சீராக, கொஞ்சம் முடுக்கத்தோடு வர வேண்டும்.

படகு வாங்க வேண்டியதில்லை. குவீன்ஸ்டவுன் போனால், ஷாட்ஓவர் ஆற்றில் பயணியாகவே இந்தச் சீறலை அனுபவிக்கலாம்!