முல்லைக் கடலோரத்தில் ஒரு தந்தி தேடினோம்

வன்னிநாட்டுக்குச் சென்று மீள்வோர் பாலைப்பழம் கொண்டுவருவர். எருமைத் தயிர் கொண்டுவருவர். நல்ல தேன் கிடைத்ததென்று பெருமை பேசுவர். சென்ற ஆடி மாதத்தில் நாம் முல்லைத்தீவுக் கரையிலே தேடியலைந்த பொருள் இவற்றுள் ஒன்றுமன்று. ஒன்றரை முழ நீளமுள்ள ஒரு தந்தி. அதுவும் வீணைத் தந்தியன்று, வயலின் தந்தியுமன்று. உகுலேலே என்னும் வாத்தியத்துக்குரிய தந்தி.

எமது தமக்கையார் முள்ளியவளையில் வாழ்கின்றார். வயது 82. ரொறன்ரோவிலே பிறந்து வளர்ந்த அவருடைய பேர்த்தி பள்ளி விடுமுறைக்கு அம்மம்மாவிடம் வந்திருந்தாள். பதினாறு வயது. தமிழ் விளங்கும்; பேசும்போது மட்டும் சற்றுத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தையெல்லாம் ஈடுசெய்வது போல, தோளிலே ஒரு சிறு பையும் அதனுள்ளே ஒரு ரெனர் உகுலேலேயும் எப்போதும் இருக்கும்.

அந்த வாத்தியத்தைக் காணாதவர்களுக்கு ஒரு சொல். கிற்றாரின் குழந்தை எனலாம். நான்கே தந்திகள். குதிரையிலிருந்து தலைப்பக்கம் வரை தந்தி ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 43 சென்ரிமீற்றர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்களே போர்த்துக்கேயர், அவர்களுடைய மடெய்ராத் தீவு மக்கள் சிலர் 1879 ஆம் ஆண்டு கப்பலேறி ஹவாய்த் தீவுகளிலே குடியேறினர். அவர்கள் கையோடு கொண்டுசென்ற சிறு வாத்தியமே அங்கே இவ்வுருவம் பெற்றது. தாவும் தெள்ளுப்பூச்சி என்பது அதன் பெயருக்குப் பொருளாம்.

நான்கு தந்திகளையும் வெறுமனே மீட்டினால் பஞ்சமம், சட்சம், காந்தாரம், தைவதம் என்னும் நான்கு சுரங்கள் ஒலிக்கின்றன. இசையறிந்த வாசகர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பர்: ரிஷபம் ஒன்று சேர்ந்தால் மோகனம் முழுமையாகிவிடும். பேர்த்தி வந்த முதலாம் நாள் மாலையில் அவள் வெறுமனே மீட்டியதைக் கேட்ட தமக்கையார், “இது மோகனமல்லவோ?” என்று கேட்டாராம். அவள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கேட்டவருக்கோ அது வெறும் இராகப் பெயரன்று.

அத்தான் வயலின் வாசிப்பவர். கச்சேரி வித்துவான் அல்லர். மாலையிலே திண்ணையிலமர்ந்து தமக்கென வாசிப்பவர். அவ்வாறு வாசித்ததில் பெரும்பகுதி மோகனந்தான். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, வயலினைப் பெட்டியோடு பொலித்தீனிலே சுற்றி வளவின் மாமரத்தடியிற் புதைத்துவிட்டுப் புறப்பட்டனர். அத்தான் திரும்பி வரவில்லை. 2011 இல் தமக்கையார் மட்டும் வந்து மாமரத்தடியைத் தோண்டுவித்தார். மரம் முழுவதும் கறையானுக்கு இரையாகியிருந்தது. நான்கு தந்திகள் மட்டும் கறளேறிக் கிடந்தன.

பேர்த்தி கையடக்கத் தொலைபேசியிலே மோகனத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகத் தொடங்கினாள். இவ்வளவில் ஒரு புதன்கிழமை மாலை தைவதத் தந்தி அறுந்தது. ஞாயிறு காலை அவள் கட்டுநாயக்காவுக்குப் புறப்படவேண்டும்.

செய்தி வவுனியாவில் எமக்கு வந்தது. மறுநாட் காலை கடைத்தெருவில் இறங்கினோம். மிருதங்க வார் உண்டு, ஆர்மோனியம் உண்டு, வயலின் தந்தி உண்டு, கிற்றாருக்கு உருக்குக் கம்பியும் உண்டு. நைலோன் தந்தி இல்லை. நைலோன் கிற்றாரின் முதலாந் தந்தி ஒன்று கிடைத்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. அதன் பருமன் இதற்கும் பொருந்தும். “உருக்குக் கம்பியைப் போடுங்கோ, நல்லாய்க் கேட்கும்” என்றார் ஒரு கடைக்காரர். தொலைபேசியிலே பேர்த்தியைக் கேட்டோம். “ஐயோ தாத்தா, அது போடக் கூடாது!” என்றாள். இவ்வாத்தியத்தின் மெல்லிய பலகையும் குதிரையும் உருக்கின் இழுவைக்கென அமைக்கப்பட்டவை அல்லவாம். பிறகு அவளே சொன்னாள்: “என்னுடைய ஸ்ட்ரிங் மீன் பிடிக்கிற நூல்தான் தாத்தா. அங்கே சிலபேர் மீன்கடையில்தான் வாங்குவினம்.”

மீன்பிடி நூலுக்கு முல்லைத்தீவிலா பஞ்சம்! வெறுங்கையோடு பேருந்தேறினோம்.

மாங்குளத்திலே கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் வரையில் இருமருங்கும் காடு. பாலையும் முதிரையும் வீரையும். சோளகக் காற்றிலே புழுதி எழுந்து முன்னே சென்ற உழவு இயந்திரத்தை மறைத்தது. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரை இருந்தபடியே கும்பிட்டோம். முள்ளியவளையை அடைந்தபோது உச்சிவெயில்.

தமக்கையார் எம்மைக் கண்டதும் தேநீருக்குக்கூட எழவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்துவந்து எம் முன்னே திறந்தார். உள்ளே கறளேறிய அந்த நான்கு வயலின் தந்திகள். “தம்பி, இதிலே ஒன்று உதவுமோ பார்” என்றார். உதவாதென்று சொல்ல எமக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அறுந்த தந்தியை ஆராய்ந்தோம். பளிங்கு போன்ற ஒற்றையிழை. மெட்டுகளோடு உராய்ந்த பக்கத்திலே நகத்தால் தடவினால் சிறுசிறு பள்ளங்கள் தட்டுப்பட்டன. தந்தி முதிர்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளமாம். அறும்வரை காத்திருந்தது பிழை. முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்த பழக்கத்தால் நுண்மானித் திருகுக்கணிச்சி ஒன்று எம்மிடம் எப்போதும் உண்டு. அளந்தோம்: 0.57 மில்லிமீற்றர். மாலையிலே முல்லைத்தீவுக்குச் சென்று, மீன்பிடி உபகரணக் கடையொன்றில் 0.60 எனக் குறித்த தங்கூசி உருளையொன்றை வாங்கி வெற்றி வீரராகத் திரும்பினோம். (தடை ஒற்றையிழைத் தங்கூசியாற் பின்னிய வலைக்கே, தூண்டில் நூலுக்கன்று.)

பூட்டிப் பார்த்தால் தந்தி தொய்ந்த கொடிக்கயிறுபோல் ஆடியது. சுரம் சேர்ந்தாலும் ஓசையில் உயிரில்லை. பேர்த்தி ஒன்றும் சொல்லவில்லை, முகம் சொல்லியது.

இரவெல்லாம் யோசித்தோம். சுரமானியை மேசையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக மாணவருக்கு நாம் ஓதியது என்ன? தந்தியின் சுரம் அதன் நீளத்தையும், இழுவையையும், ஓரலகு நீளத்தின் திணிவையும் பொறுத்தது. பருமனைப் பொறுத்ததென்று நாம் ஒருநாளும் கற்பித்ததில்லை. ஆனால் கடையிலே பருமனை மட்டும் பார்த்து வாங்கினோம்! இரண்டும் ஒரே பொருள்தானா என்று கேட்க மறந்தோம்.

விடிந்ததும் சமையலறையில் ஒரு சோதனை. ஆனையிறவு உப்பைக் கரையுமட்டும் கரைத்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். புதிய இழையிலே நகமளவு வெட்டிப் போட்டோம், மிதந்தது. விரலால் அமுக்கினாலும் மேலே வந்தது. அறுந்த தந்தியிலிருந்து ஒரு துண்டு போட்டோம். நேரே அடிக்குச் சென்றது. நைலோனின் அடர்த்தி நீரைப்போல் 1.14 மடங்கு, உப்புக் கரைசல் ஏறக்குறைய 1.2. அடியிற் சென்றதோ 1.78 மடங்கு அடர்த்தியுள்ள புளோரோகாபன். ஒரே சுரத்துக்கு ஒரே இழுவை வேண்டுமாயின், புளோரோகாபன் 0.57 இருக்கும் இடத்தில் நைலோன் 0.71 இருக்கவேண்டும். நாம் வாங்கியதில் இழுவை கால்பங்குக்கு மேலே குறைந்துவிட்டது. தமக்கையார் குவளையைப் பார்த்துவிட்டு, “மீன் கழுவ உப்பை மிச்சம் வைத்தாயோ?” என்றார்.

வெள்ளிக்கிழமை மீண்டும் முல்லைத்தீவு. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளும் 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போரும் துடைத்தழித்த கரை. ஆயினும் அன்று அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்; கடல் அமைதியாயிருந்தது. கடையிலே எமது கதையைக் கேட்டு நின்ற முதிய சம்மாட்டியார் ஒருவர் சிரித்தார். அறுந்த துண்டை விரல்களுக்கிடையே உருட்டினார். பல்லிலே மெல்லக் கடித்தார். “மாஸ்ரர், இது தங்கூசி இல்லை. தங்கூசி தண்ணி குடிக்கும், இது குடியாது. பாரைக்குத் தூண்டில் முனையிலே கட்டுற சாமான். மீனின்ர கண்ணுக்குத் தெரியாது” என்றார். நாம் உப்பும் குவளையும் கொண்டு அறிந்ததை அவர் பல்லாலே அறிந்தார். உண்மையிலேயே நைலோன் நீரை உறிஞ்சும். ஈரக்காற்றில் சுரம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மேல்தட்டிலே தூசி படிந்திருந்த சிறிய உருளையைக் கடைக்காரர் எடுத்துத் தந்தார். 0.57.

உடனே வாங்கவில்லை. சீவக சிந்தாமணியிலே சீவகன் தன்னிடம் தந்த யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குற்றங்கண்டு விலக்குகின்றான் அன்றோ! கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்புக்கு நான்கு குற்றங்களை நம் முன்னோர் வகுத்தனர். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947 இல் வெளிவந்த பின்னர் ஈழத்தில் பலரும் இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு கற்றனர். அவை முறுக்கிய நரம்பின் குற்றங்கள், ஒற்றையிழைக்குப் பொருந்தா. அதற்குரிய குற்றம் வேறு: ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் மேல்மெட்டுகளிலே சுரம் பிசகும். ஆகவே ஒரு பாகம் நீளத்துக்கு இழையை இழுத்து ஐந்து இடங்களில் திருகுக்கணிச்சியால் அளந்தோம். கடையில் நின்ற இளைஞர்கள் எம்மை அதிகாரி என எண்ணி மெல்ல விலகினர்.

சம்மாட்டியார் புறப்படுமுன் ஒரு புத்தி சொன்னார்: “முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கோ. காயவிட்டு இழுத்தால் சுட்டு அறும். இது வழுக்குற சாதி. ஒரு சுற்றுக் கூடப் போடுங்கோ.” அவ்வாறே குதிரையிலே மூன்று சுற்றுப் போட்டுக் கட்டினோம். புதிய தந்தி நீண்டுகொண்டே போகும். ஒரு நாளில் அடங்காது. வெள்ளி இரவும் சனி பகலும் பேர்த்தி பிருடையை முறுக்குவதும், இழையை விரலால் இழுத்துவிடுவதும், மீண்டும் முறுக்குவதுமாக இருந்தாள்.

சனி இரவு திண்ணையிலே மோகனம் வாசித்தாள். ஆரோகண அவரோகணமும், தானாகக் கண்டுபிடித்த சில பிடிகளும், அவ்வளவுதான். கமகம் ஏதுமில்லை, மெட்டு வைத்த சிறு வாத்தியத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. தமக்கையார் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுவாரோ என நாம் அஞ்சினோம். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “பிள்ளை, தைவதம் கொஞ்சம் இறங்குது.”

பார்த்தோம். ஆம், இறங்கித்தான் இருந்தது. பேர்த்தி பிருடையை ஒரு மயிரிழை திருப்பினாள். “இப்ப சரி. திரும்ப வாசி” என்றார். அன்று நான்கு முறை வாசித்தாள். ஒவ்வொரு முறையும் திருத்தம் ஒன்று இருந்தது.

ஞாயிறு காலை அவள் புறப்பட்டாள். உருளையிலே எஞ்சியதில் மேலும் இரண்டு தந்திகளுக்கு வேண்டிய அளவை வெட்டிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். மிகுதியை அடுத்த வீட்டுச் சிறுவன், நந்திக்கடலிலே தூண்டில் போடுவதற்கென்று கேட்டு வாங்கிப்போனான்.