அறையில் வேறு யாரும் இல்லை

சாத்தூர். காலை ஒன்பதரை. பத்து மணிக்குத் தேர்வு.

பின்னால் வெள்ளைச் சுவர் இருக்க வேண்டும் என்கிறது மெயில். சுவரிலிருந்து சிவகாசிக் காலண்டர் இறங்குகிறது. முருகன் தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது. நாற்காலி அந்தச் சதுரத்துக்கு நேராக நகர்கிறது.

அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறது திரை. எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்தி, ஆரத்தி எடுப்பதுபோல் சுற்றுகிறாள். பீரோ. ரேஷன் அரிசிச் சாக்கு. தையல் மிஷின். கட்டிலுக்கு அடியில் பித்தளைக் குடம். வேறு யாரும் இல்லை. கதவு சாத்தப்படுகிறது.

எல்லோரும் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

அப்பத்தாவின் மடியில் வெற்றிலை உரல். உலக்கை தள்ளிக் கிடக்கிறது. அம்மா இன்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவில்லை. போகாத நாளுக்குக் கூலி இல்லை. அடுப்பில் குக்கர், அதன் விசில் அவள் உள்ளங்கையில். காதில் கம்மல் இருந்த ஓட்டையில் வேப்பங்குச்சி. லேப்டாப் வந்த மாதத்திலிருந்து அப்படித்தான்.

ஜன்னல் திட்டில் தம்பியின் போன், ஹாட்ஸ்பாட்டுக்காக. தம்பி தெருமுனையில் நிற்கிறான். ஒலிபெருக்கி கட்டிய வெங்காய வண்டி திரும்புகிறது.

"அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கண்ணே."

"யாருக்கும் முடியலையா தம்பி?"

"அக்காவுக்குப் பரீட்சை."

"பன்னெண்டாப்பா?"

"இல்லண்ணே. வேலைக்கு."

வெங்காயக்காரர் ஒலிபெருக்கியை அணைக்கிறார். மூன்று வீடு தாண்டியதும் ஒரு பெண் வெளியே வந்து விலை கேட்கிறாள். அவர் விரல்களைக் காட்டுகிறார்.

உள்ளே கணக்கு. 150 மீட்டர் நீள ரயில் ஒன்று பிளாட்பாரத்தைக் கடக்கிறது, எத்தனை நொடி? அந்த நேரம் பார்த்து, மதுரை–திருநெல்வேலி தடத்தில் ஏதோ ஒரு ரயில் கூவிக்கொண்டு ஊருக்குள் வருகிறது. திரையின் மேல்விளிம்பில் மஞ்சள் பட்டை. பின்னணியில் சத்தம், முதல் எச்சரிக்கை. அவள் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் இரண்டாவது.

அம்மா கதவைப் பார்க்கிறாள். அப்பத்தா அம்மாவைப் பார்க்கிறாள். சோறு குழைகிறது.

மத்தியானம் காலண்டர் ஆணிக்குத் திரும்புகிறது.

சீனியர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் "கங்கிராட்ஸ்" சொல்கிறார்கள். மேலே தள்ளினால் பழைய செய்திகள். 2023 பிப்ரவரி: ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று எடுத்தவர்களிடம், மூன்றரைக்குச் சம்மதமா என்று விப்ரோ கேட்கிறது. 2025 பிப்ரவரி: உள்தேர்வில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை இன்ஃபோசிஸ் மைசூர் வளாகத்திலிருந்து அனுப்புகிறது. 2022-இல் தேர்வாகி, இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்களும் அதில் உண்டு. அதற்குக் கீழே யாரோ அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே ஒரு தேர்வு லிங்க்.

இன்டர்வியூ. காலண்டர் மறுபடி இறங்குகிறது. மேலே இஸ்திரி போட்ட காலர் சட்டை. கேமராவுக்கு எட்டாத பாதியில் வீட்டுப் பாவாடை.

"சாத்தூர்? அது எங்கே?"

"சிவகாசி பக்கம், சார்."

"ஓ, பட்டாசு!"

அவள் சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார். வெளியூர் போவீர்களா? யெஸ் சார். நைட் ஷிஃப்ட்? யெஸ் சார். எந்தத் தொழில்நுட்பம் கொடுத்தாலும்? யெஸ் சார். ஏதாவது கேட்க வேண்டுமா? நோ சார்.

"என்னடி கேட்டாக?" என்கிறாள் அப்பத்தா.

"எல்லாத்துக்கும் சரின்னுட்டேன்."

பிறகு மெயில் பெட்டி. காலையில் ஒருமுறை, சாப்பிடுமுன் ஒருமுறை, கை கழுவியதும் ஒருமுறை. ஸ்பாம் பெட்டியையும் திறந்து மூடுகிறாள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரும் அம்மா செருப்பைக் கழற்றுமுன் மகளின் முகத்தைப் பார்க்கிறாள். கேட்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயில் வருகிறது. ஆண்டுக்கு 3.36 லட்சம். சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும். தெருவில் நாலு வீட்டுக்குக் காராச்சேவு போகிறது. வட்டிக்கடை ரசீது பீரோவிலிருந்து எடுக்கப்பட்டு, படிக்கப்பட்டு, திரும்ப உள்ளே வைக்கப்படுகிறது.

2010-இலும் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஒரு பவுன் பதினாறாயிரத்தைத் தாண்டவில்லை.