புக்கிட் மெலாவத்தியில் ஒரு ஈஸ்டர்

ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்குக் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குப் பிள்ளைங்களோட வாங்கன்னு, தோட்டத்துல பக்கத்து லயத்துல இருந்த வேதக்கார அக்கா கூப்பிட்டாங்க. முட்டை தேடுற விளையாட்டாம். நாங்க திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தோம். வரலைன்னு சொல்லிட்டோம்.

அப்புறம்தான் உறைத்தது. அந்தக் காலத்துல நம்ம தேர் வரும்போது வாசல் தெளிச்சு, தண்ணிக்குடத்தோட நின்னவங்க அவங்க.

போனோம். 1907-ல கட்டின கலங்கரை விளக்கத்துக்கிட்ட, புல்லுல ஒளிச்சு வச்சிருந்தது எல்லாமே பிளாஸ்டிக் முட்டை. உள்ளே கடலை மிட்டாய்! "வருவீங்கன்னு தெரியும்"னு அக்கா சிரிச்சாங்க. பாதியைக் குரங்குங்க தூக்கிட்டுப் போயிடுச்சு.

ஈஸ்டரும் பௌர்ணமி கழிச்சு வர்ற ஞாயிறுதான். நிலா ஒண்ணுதானே!

இந்தத் திருவிழாவுக்கு மோர்ப் பந்தல் அக்கா குடும்பத்தோடது. எல்லாரும் வாங்க.

ஓம் சக்தி.