இருபதா? இருபத்து மூன்றா?

லீனியர் புரோகிராமிங் என்றால் நம்ம செட்டுக்கு என்ன? நாற்காலி இத்தனை, மேஜை இத்தனை, லாபம் அதிகபட்சம் எவ்வளவு... கிராஃப் ஷீட்டில் இரண்டு கோடு போட்டு, மூலையைப் பார்த்து விடை எழுதிவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான். அதிலும் முழு மார்க் வாங்கியவன்! அந்தத் திமிர் இறங்கிய கதைதான் நண்பர்களே இது.

லீவில் எங்க ஊர் கேட், கிரில் பட்டறை ஒன்றுக்கு டிரெயினிங் போனேன். ஒரு ஆர்டர் வந்திருந்தது. 6 மீட்டர் சதுர பைப்பில் 2700, 2100, 1200 மி.மீ. என்று மூன்று அளவு. ஒவ்வொன்றிலும் 20 துண்டு. எத்தனை பைப் வாங்குவது? மூத்த வெல்டர் அண்ணன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இருபத்து மூணு சொல்லிடுங்க" என்றார். பெரியதை முதலில் வெட்டி, மிச்சத்தில் சின்னதைத் தேடுவது அவர் வழக்கம். 2700-ல் இரண்டிரண்டாக 10 பைப். 2100-ல் இரண்டு, கூடவே ஒரு 1200 என்று 10 பைப். பாக்கி பத்து 1200-க்கு 3 பைப்.

6000-ஐ 1200-ஆல் வகுத்தால் ஐந்து. பத்துத் துண்டுக்கு இரண்டு பைப் போதாதா? அண்ணனுக்கு வகுத்தல் வராது போல என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அதோடு விட்டேனா! 2700 + 2100 + 1200 = 6000. ஒரு பைப்பில் மூன்றும் அடக்கம், இருபதே பைப், கழிவு பூஜ்யம்! முதலாளியிடம் பேப்பரை நீட்டினேன். அவருக்கு வாயெல்லாம் பல். இருபது வாங்கிப் போட்டார்.

முதல் பைப்பை வெட்டும்போது டேப் பிடித்தவன் நான். கடைசித் துண்டு 1194 காட்டியது. மறுபடி பிடித்தேன். அதே 1194.

"தம்பி, வீல் தின்னது உன் பேப்பர்ல எங்க இருக்கு?" என்றார் அண்ணன்.

கட்டிங் வீலின் கனம் 3 மி.மீ. ஒவ்வொரு வெட்டிலும் அத்தனையும் தீப்பொறியாகப் பறந்துவிடும். இரண்டு வெட்டுக்கு ஆறு. ஒரு பைப்பில் 1200 நாலுதான் வரும் என்பது அவருக்கு எப்போதோ தெரியும். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அன்று ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் 3 கூட்டி 2703, 2103, 1203. கடைசி வெட்டு தேவைப்படாத இடத்தைச் சரிக்கட்ட பைப்பை 6003 என்று வைத்துக்கொண்டேன். ஒரு பைப்பை எப்படியெல்லாம் வெட்டலாமோ அத்தனை விதமும் ஒவ்வொரு மாறி. மூன்று அளவிலும் இருபது குறையக்கூடாது, விடை முழு எண்ணாக வரவேண்டும். (அரை பைப் எந்தக் கடையில் கொடுப்பான்?) எக்செல் சால்வரில் போட்டபோது வந்தது 22. 2700 இரண்டு வீதம் 10 பைப், 2100 இரண்டும் 1200 ஒன்றுமாக 8, 2100 ஒன்றும் 1200 மூன்றுமாக 4. நம்ம புத்தகத்தில் வரும் சிம்ப்ளக்ஸ் முறையை டான்ட்சிக் 1947-ல் கண்டுபிடித்தார். அதற்கும் முன்பே, 1939-ல், ரஷ்யாவின் கான்டரோவிச் இந்த வெட்டுக் கழிவுக் கணக்கை எழுதி வைத்துவிட்டார். 1975-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். நான் என்னமோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன்!

ஆனால் ஒரு பைப் ஏற்கனவே போய்விட்டதே. அதில் தேறிய இரண்டு துண்டைக் கழித்துப் போட்டாலும் இன்னும் 22 வேண்டும். ஆக மொத்தம் 23. அண்ணன் விரலில் சொன்ன அதே 23! மூன்று பைப்புக்காகத் தனியாக ஒரு வண்டி வாடகை வேறு.

வெட்கத்தை விட்டு அவரிடம் 22 கணக்கைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல மிஞ்சுறது எல்லாம் ரெண்டடிகூட இல்லாத துண்டு. என் கணக்குல கடைசி பைப்புல மூணரை மீட்டர் முழுசா நிக்கும், அடுத்த வேலைக்கு ஆகும்" என்றார். எதைக் குறைக்க வேண்டும்? பைப் எண்ணிக்கையையா, வீணாகும் இரும்பையா? பரீட்சையில் அதைக் கேள்வித்தாளே சொல்லிவிடும். பட்டறையில் யார் சொல்வார்கள்?

கடைசி நாள் பால்கனி கிரில் ஒன்றின் அளவை சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "நீயும் போடு, நானும் போடுறேன். பார்ப்போம்."

பேனாவை எடுக்குமுன் போய் வீலை அளந்தேன்.