கோழி ஒரு மாதிரி நிற்கிறது

கோழி தனக்கு வருத்தம் என்பதைக் கடைசி மட்டும் ஒளிக்கும். பிராந்தும் கீரியும் மரநாயும் திரிகிற வளவில் நலிவைக் காட்டிக்கொண்டால் அடுத்த இரை அதுதான். போதாக்குறைக்குக் கூடப் பொரித்தவையே கொத்திக் கலைக்கும். ஆகவே காய்ச்சலோடும் மண்ணைக் கிளறும், வயிற்றோட்டத்தோடும் சேவலுக்குப் பின்னால் ஓடும். இனி இயலாது என்ற நிலையில்தான் தேசிமரத்தடியில் ஒதுங்கி, இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நிற்கும். "கோழி ஒரு மாதிரி நிக்குது" என்று வீட்டில் ஒருவர் சொல்லும்போது பெரும்பாலும் வருத்தம் வந்து நாலைந்து நாளாகியிருக்கும்.

சிக்கல் அதோடு முடிவதில்லை. குடற்புழு, இரத்தக்கழிச்சல், சித்திரை வெயில், வெங்காயத் தோட்டத்தில் மருந்தடித்துச் செத்த புழுவைத் தின்றது, முட்டை வழியில் அடைத்துக்கொண்டது, எல்லாவற்றுக்கும் கோழி நிற்கிற நிலை ஒன்றேதான். வருத்தமே இல்லாத கோழியும் சில வேளை அப்படித்தான் இருக்கும். அடைக்குப் போகிற கோழி சிலிர்த்துக்கொண்டு தீனைத் தொடாமல் கிடக்கும். இறகு கொட்டுகிற காலத்தில் நல்ல கோழியும் முட்டையை நிறுத்திவிட்டு வாடித் திரியும். அடைக்கோழிக்குக் குளிசை கரைத்துப் பருக்கிய வீடுகள் எங்கள் ஒழுங்கையில் உண்டு. கையை நீட்டினால் அடைக்கோழி சீறிக்கொண்டு கொத்தவரும். வருத்தக்கோழி பேசாமல் இருக்கும். அவ்வளவு சின்னச் சோதனைக்குக்கூட ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

கோழி ஒதுங்கி நிற்பதை வேலிக்கு மேலால் கண்டவுடனேயே வைத்தியம் வந்து சேர்ந்துவிடும். உள்ளியும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டித் தீத்தச் சொல்வார் ஒருவர். "பனடோல் பாதி கரைச்சுப் பருக்குங்கோ அக்கா" என்பார் இன்னொருவர். கனடாவில் இருக்கும் மச்சாள் வட்சப்பில் கோழியின் முகத்தைக் காட்டச் சொல்வாள். வேறொருவர் தன் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிலினை உடைத்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் கொட்டியே விடுவார். உள்ளிக்கும் மிளகுக்கும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன். பெரிய நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. அமொக்சிலின் அப்படியல்ல. வைரசு நோயில் அது ஒன்றும் செய்யாது. கோழி தப்பினால் இடுகிற முட்டையில் அந்த மருந்து இருக்கும், முட்டையைப் பொரித்துத் தின்பது நாங்கள். என்ன வருத்தம் என்று தெரியாமலே மருந்தைத் தொடங்குகிற பழக்கம் இங்கே மனிதருக்கும் உண்டுதான். மனிதர் நோகிற இடத்தையாவது சொல்வார்கள்.

எங்கள் ஆச்சி கோழியிடம் கையால் கேட்டறிந்தவர். விடியக் கூட்டைத் திறக்கும்போது கோழிகளை மொத்தமாக விடமாட்டார். ஒவ்வொன்றாகப் பிடித்து, கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, சின்ன விரலால் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அன்றைக்கு இடப்போகிறது கரப்புக்குள், மற்றவை வெளியே. அயல் வீட்டு வைக்கோலுக்குள் முட்டை போய்விடக்கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் வேறு பல சேதிகளும் கைக்கு வந்துவிடும். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை இருக்கிறதா, எலும்பு கூராகத் தட்டுப்படுகிறதா என்பது முதலாவது. சதை கரைய நாளெடுக்கும். எலும்பு துருத்தினால் புழுவோ பேனோ நெடுநாளாக அதைத் தின்கிறது. சதைப்பிடிப்பான கோழி சாய்ந்தால் வந்தது நேற்றோ முந்தநாளோ. அடுத்தது கழுத்தடியில் இருக்கும் தீன்பை. இரவு நிறைந்து படுத்த பை விடியும்போது வெறுமையாகியிருக்க வேண்டும். காலையிலும் கட்டியாகக் கிடந்தால் வைக்கோல் தும்போ நைலோன் நூலோ அடைத்திருக்கும். பொழுதுபட்டுக் கூடடையும்போதே பை வெறுமையென்றால் அன்று முழுக்க அது ஒன்றும் தின்னவில்லை, மற்றவற்றோடு சேர்ந்து கிளறியது வெறும் நடிப்பு.

பிறகு எச்சம். காலையில் கூட்டுக்குக் கீழே குனிந்து பார்க்க வெட்கப்படுகிறவர் கோழி வளர்க்கக்கூடாது. மண்ணிறத்துக்கு மேல் வெள்ளை தொட்டிருந்தால் சுகம். இடைக்கிடை பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைக் கண்டு பயப்படுவார்கள், ஆனால் அதுவும் சுகமான கோழியின் எச்சமே. குஞ்சுகளில் இரத்தம் கண்டால் இரத்தக்கழிச்சல். அதற்கு மருந்து உண்டு, பிந்தக்கூடாது, தரையின் ஈரத்தையும் போக்கவேண்டும். பச்சைத் தண்ணீராகக் கழிந்தால் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆச்சிக்கு ஒரு நோயின் பெயரும் தெரியாது. ஒவ்வொரு கோழியும் சுகமாக இருக்கும்போது என்ன பாரம், எத்தனை மணிக்குக் கூடடையும், எந்தக் கிளையில் ஏறும் என்பது தெரியும். வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற வேலையில் முக்கால்வாசி, கோழிக்கு வருத்தம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். நேற்றைய கோழியைத் தெரியாதவருக்கு இன்றைய கோழி ஒன்றும் சொல்லாது.

எங்கள் சிவத்தப் பேட்டின் கதை அப்படித்தான் பிடிபட்டது. எச்சம் சரி, மூச்சுச் சரி, தீனும் எடுத்தது. கொண்டை மட்டும் வெளிறியிருந்தது, நெஞ்செலும்பு துருத்தியது. பூச்சி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை. வழக்கமாக முதலாவதாகக் கூட்டுக்குள் போகிற கோழி, மைமலில் கூட்டு வாசலில் தயங்கி நின்று முருங்கையில் ஏறப் பார்த்ததுதான் துப்பு. இரவு ரோச் வெளிச்சத்தில் பார்த்தபோது பனஞ்சலாகைகள் பொருந்துகிற இடுக்குகளிலிருந்து சிவப்புப் பொட்டுகள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. வெள்ளைத் துணியால் சலாகையின் அடியைத் துடைக்க, துணியில் இரத்தக்கறை. பகல் முழுக்க மரவெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கிற செள். கோழியைப் பகலில் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அது அகப்படாது. இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் கோழிகளை வேறிடத்தில் அடைத்து, செள்ளைப் பட்டினி போட்டும் கொல்ல இயலாது. மருந்து தேவைப்பட்டது கூட்டுக்கு. கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, இடுக்கெல்லாம் வேப்பெண்ணெய் பூசினோம். ஒரு கிழமையில் அதையே திரும்பச் செய்யவேண்டும், முதல் தடவையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். குளித்துப் புரள அடுப்புச் சாம்பலையும் முருங்கையடியில் கொட்டிவைத்தோம். கொண்டை பழையபடி சிவக்க நெடுநாள் சென்றது.

இப்படி ஆறஅமர ஆராய்வதெல்லாம் ஒரு கோழி நிற்கும்போதுதான். ஒரே காலையில் இரண்டு மூன்று நின்றால், வாயைத் திறந்து மூச்சிழுத்தால், கழுத்து முறுகினால், பெரும்பாலும் அது ராணிக்கெட். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் கண்ட வைரசு நோய் இது. இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலைநகரில் கண்டதால் நம் பக்கத்தில் அந்தப் பெயர். வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் தடுக்கலாம், ஆனால் அந்தச் சொட்டுக்குக் குளிர் வேண்டும். 1990இல் போரால் மின்சாரம் போனபிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளிர்சாதனப் பெட்டிகள் புத்தகமும் உடுப்பும் வைக்கிற அலுமாரிகளாக இருந்தன. கோழித் தடுப்பு மருந்தைப் பற்றி யார் பேசுவது? 1995 ஒக்ரோபர் 30இல் போருக்குத் தப்பி வலிகாமத்தை விட்டுப் போனவர்கள் கூட்டைத் திறந்துவிட்டுப் போக மட்டுமே இயன்றது. குளிர்வசதி இல்லாத வெப்ப நாட்டு ஊர்க்கோழிகளை நினைத்தே குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்பிராட்புரோவும் அவருடைய குழுவும் சூடு தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள்.

இன்று மின்சாரம் இருக்கிறது. கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. இப்போதைய தடை குப்பியின் அளவு. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது, கரைத்தால் சில மணித்தியாலத்துக்குள் விட்டு முடிக்கவேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்க யோசிப்பது நியாயம். ஒழுங்கை வீடுகள் ஒரே நாளைப் பேசி வைத்தால் ஒரு குப்பி எல்லோருக்கும் காணும். மாரி தொடங்கமுன் உங்கள் பகுதி மிருக வைத்தியரைக் கேட்டு அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதையும் மீறி வந்துவிட்டால், சாகமுன் விற்றுக் காசாக்கலாம் என்று ஒரு கோழியையும் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். ராணிக்கெட் ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் அப்படித்தான். செத்ததைப் பாழ்கிணற்றில் போடுவதும் வேண்டாம். ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் பெரும்பாலும் குடிதண்ணீர். ஒரு கிணற்றில் விழுந்தது அந்தக் கிணற்றோடு நிற்காது. கிணற்றுக்குத் தள்ளி, நாய் கிண்டாத ஆழத்தில் புதையுங்கள். அன்றைக்கே அயலுக்கும் சொல்லிவிடுங்கள்.