திண்ணையிலிருந்து திண்ணைக்கு

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. பெற்றோரின் மனத்திலோ கணக்கு ஓடத் தொடங்குகிறது. எந்த நாள், எந்த வண்டி, என்ன செலவு, மதியச் சாப்பாடு எங்கே என்று ஒரு நாள் பயணத்துக்கு ஒரு மாதம் திட்டமிடும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அவ்வாறு நாங்கள் தீட்டிய இரண்டு திட்டங்களைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். இரண்டும் ஒரே இடத்துக்கான திட்டங்கள்தாம். முதல் திட்டத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். வீட்டிலுள்ள ஒருவரை மட்டும் எழுத மறந்திருந்தோம்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரைக் கோயிலால் அறியப்பட்ட இவ்வூரை, பிற்காலத்தில் பீங்கானாலும் அறிந்தார்கள். 'செராமிக்' என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ்களும், பொம்மைகளும், கோப்பைகளும் இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகி வெளியூர் செல்கின்றன. அத்தகைய ஒரு கூடத்தில் எங்கள் அம்மா இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தார். எங்களுள் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார். ஆனால் இருவருக்குமே அவர் 'அம்மா'தான். பிள்ளைகளுக்கு 'ஆயா'. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பில் நிற்கும் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துச் சீர்செய்வது அவருடைய வேலை. நாள் முழுவதும் தரையில் மடக்கி அமர்ந்திருந்த கால்கள் இன்று நீட்டினால் மடங்குவதில்லை; மடக்கினால் நீள்வதில்லை.

2019ஆம் ஆண்டு மே மாதம் முதல் திட்டத்தை நிறைவேற்றினோம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்திராவைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அவ்வளவு தூரம் போகும்போது ஓர் இடத்தோடு திரும்புவானேன் என்று எங்களுக்குத் தோன்றிற்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள், வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காட்டுப் படகுத்துறை, பிறகு தட்சிணசித்திரா, நேரம் இருந்தால் சாந்தோம் பேராலயம் என்று ஒரு முழுத்தாளில் நேரம் குறித்து எழுதினோம். நள்ளிரவுக்குப் பின் வாடகைக் காரில் புறப்பட்டோம். அம்மா வாசலில் நின்று, "நீங்க போயிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் நாணமாக இருக்கிறது. மே மாதத்து வெயிலில் மாமல்லபுரத்துக் கற்கள் பாதத்தைச் சுட்டன. முதலைப் பண்ணையில், 1976ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கர் அதனைத் தொடங்கிய வரலாற்றைப் பலகையில் வாசித்து முடிப்பதற்குள், "நேரமாகிறது, நேரமாகிறது" என்று பிள்ளைகளை விரட்டினோம். உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள முதலை வாயைத் திறந்தபடியே கிடக்கும் என்பார்கள். அன்று நாங்களும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தோம். தட்சிணசித்திராவுக்கு எங்கள் தாளில் எஞ்சியது ஐம்பது நிமிடம். அதிலும் பாதி, நான்கு வயது மகனைத் தோளில் போட்டு உறங்க வைப்பதில் கழிந்தது. சாந்தோமுக்குப் போகவே இல்லை. திரும்பும் வழியில் யார் மீது யார் கோபமாக இருந்தோம் என்பதை எழுதாமல் விடுகிறோம்.

மறுநாள் காலையில் அம்மா பிள்ளைகளைக் கேட்டார்: "பழைய வீடெல்லாம் பாத்தீங்களாமே. திண்ணை இருந்துதா?" ஒருவருக்கும் நினைவில்லை. "முதலை வாயை மூடவே இல்லை ஆயா" என்றான் மகன். அம்மா சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி அத்துடன் மறந்துபோயிற்று.

2023ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா இரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்புகையில், பாதி வழியில் அம்மாவால் நடக்க முடியவில்லை. அடைத்திருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். பனியில் நாங்கள் நால்வரும் அவரைச் சுற்றி நின்றோம். தெருவின் இருபுறமும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நான் வாழ வந்தப்ப இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு திண்ணை இருந்துது. இப்ப உக்கார ஒண்ணு இல்ல." அவர் யாரையும் குறை கூறவில்லை. ஆனால் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று திண்ணையை இடித்தவர்கள் நாங்கள்தாம். நாலரை ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட கேள்வியும் அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

பெற்றோரோடு எருசலேம் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், திரும்பும் வழியில் உடன் வருவோர் கூட்டத்தில் இருப்பான் என எண்ணி, ஒரு நாள் பயணத் தொலைவைக் கடந்துவிட்ட பெற்றோரை நற்செய்தியில் காண்கிறோம். அவர்கள் அறியாமல் விட்டுச் சென்றார்கள். அறிந்ததும் பதறித் திரும்பினார்கள். நாங்களோ ஒவ்வொரு பயணத்திலும் அறிந்தே விட்டுச் சென்றோம். "நீங்க போயிட்டு வாங்க" என்று அம்மா சொல்லும்போது, "நீங்களும் வாருங்கள்" என ஒருமுறை சொல்வோம். இரண்டாம் முறை அவர் மறுத்ததும் எங்கள் உள்ளத்தில் எழுந்தது வருத்தமன்று, நிம்மதி. இதை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை.

இரண்டாவது திட்டம் அந்த இரவிலிருந்தே தொடங்கியது. இம்முறை தாளின் முதல் வரியில் இடத்தின் பெயரை எழுதவில்லை. அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று எழுதினோம். ஒரு மாலையில் மகள் அவரோடு நடந்து எண்ணிப் பார்த்தாள். இருநூறு அடி எடுத்து வைத்ததும் உட்கார வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் இருநூறு. அதுவே எங்கள் அளவுகோலாயிற்று.

அடுத்து நாள். தட்சிணசித்திராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலியை விட்டுவிட்டுப் போக அம்மா இசையமாட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத சனிக்கிழமையே எஞ்சியது. மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களின் வெயிலை ஏற்கெனவே அறிந்திருந்தோம். பொங்கல் விடுமுறையில் கூட்டம் மிகும். ஆகவே தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையை, 2024 பிப்ரவரி 10ஐத் தேர்ந்தோம். இரயிலில் செங்கற்பட்டு வரை செல்லலாம். ஆனால் நடைமேடைப் படிகள் அம்மாவுக்கு ஆகா. உள்ளே ஏறுவதற்குத் தாழ்ந்த படியுள்ள வேன் ஒன்றைத் தேடிப் பேசினோம். உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு, பிறகு திருப்போரூர், கேளம்பாக்கம் வழியே கோவளம் என்று தடம் குறித்தோம். ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; மூன்று இடங்களில் நிறுத்தம். பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

இவ்வளவும் எழுதியபின் ஒரு தடை நின்றது. பத்து ஏக்கர் நிலத்தில், இருநூறு அடிக்கு ஒருமுறை அம்மா எங்கே உட்காருவார்? மடக்கு நாற்காலி வாங்கலாமா என்று யோசித்தபோது மகள் கேட்டாள்: "அங்கே இருப்பவை எல்லாம் பழைய வீடுகள்தானே? திண்ணை இருக்குமே!"

உண்மைதான். தட்சிணசித்திரா என்பதே பழைய வீடுகளின் ஊர். 1984ஆம் ஆண்டு தெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் கதவும் உத்தரமும் குலையாமல் பிரித்தெடுத்து, இங்கே மீண்டும் எழுப்பியது. நிலத்தின் அமைப்பை வகுத்துக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1996 டிசம்பரில் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நிலங்களின் வீடுகள் தனித்தனிப் பகுதிகளாக நிற்கின்றன. வீடுகளையே பெயர்த்து வந்து காக்கும் இம்முறை உலகுக்குப் புதிதன்று. சுவீடன் நாட்டில் ஆர்த்தர் ஹசேலியுஸ் 1891ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை இவ்வாறு அமைத்தார். அங்கே வீடுகளோடு அந்நாட்டு விலங்குகளுக்கும் இடம் உண்டு.

ஆகவே எங்கள் திட்டத்தின் நடுப்பகுதியை மகளே எழுதினாள். தலைப்பும் அவளுடையதே: திண்ணையிலிருந்து திண்ணைக்கு.

"என்னால உங்களுக்குத் தொல்லை" என்று அம்மா வழக்கம்போல் தொடங்கினார். இம்முறை நாங்கள் தாளை அவர் கையில் கொடுத்தோம். கண்ணாடி அணிந்து நிதானமாகப் படித்தார். "மூணு எடத்துல வண்டி நிக்குதா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தம் வெள்ளைப் புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தினார்.

விடியுமுன் நான்கு மணிக்குப் புறப்பட்டு, வீட்டு இட்டிலியைத் திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் உண்டு, 10 மணி அளவில் முட்டுக்காட்டை அடைந்தோம். கடற்காற்று உப்போடு வீசியது. அம்மா முதலில் அமர்ந்தது செட்டிநாட்டு வணிகர் வீட்டுத் திண்ணையில். வழவழப்பான தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, "இது யாருக்குக் கட்டுனது தெரியுமா? வழிப்போக்கனுக்கு" என்றார் மகனிடம். கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உட்கார்ந்தபின் வீட்டார் தண்ணீர் தருவார்கள் என்று விளக்கினார். வீட்டின் முற்றத்தையும் உள்ளறைகளையும் நாங்கள் பார்த்து வரும்வரை அவர் அங்கேயே இருந்தார். திரும்பி வந்தபோது அவரருகே அறிமுகமில்லாத இன்னொரு மூதாட்டி அமர்ந்திருந்தார். இருவரும் மூட்டுவலிக்குத் தைலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே அக்கிரகாரத்து வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு என மெல்ல நகர்ந்தோம். கேரளப் பகுதியில், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்து வந்த சுரியானிக் கிறிஸ்தவரின் வீட்டில் அம்மா நெடுநேரம் இருந்தார். மரத்தாலான அந்த வீட்டின் முகப்பிலேயே நெற்களஞ்சியம். "நெல்லை வாசல்லயே வெச்சு அதைத் தாண்டித்தான் உள்ள போறாங்க. சோத்தோட அருமை தெரிஞ்சவங்க" என்றார்.

குயவர் வீட்டை அடைந்தபோது மதியம் கடந்திருந்தது. விரும்புவோர் சக்கரத்தில் மண் வனையலாம் என்றார்கள். மகன் துள்ளினான்: "எங்கள் ஆயா செராமிக்கில் வேலை செய்தவர்! ஆயா, நீங்கள் செய்து காட்டுங்கள்." அம்மா தயங்கினார். "நான் செஞ்சது அச்சு வேலைடா. சக்கரத்தைத் தொட்டதே இல்ல." எனினும், அவர் கை அந்த ஈர மண்ணை நோக்கித் தானே நீண்டது. ஒருவர் தாழ்ந்த பலகை கொண்டுவந்து போட்டார். எழுபத்தாறு வயதில் முதன்முறையாக அம்மா சக்கரத்து மண்ணில் கை வைத்தார். மண் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் சாய்ந்து, சரிந்தது. மகனுக்கு ஏமாற்றம். அம்மாவோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்து நாங்கள் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எழுந்து கை கழுவியவர், அருகில் உலர வைத்திருந்த பச்சைச் சட்டிகளுள் ஒன்றை, குயவரின் இசைவோடு எடுத்துத் தம் கன்னத்தில் வைத்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். "குளிருது. உள்ள ஈரம் இருக்கு. இன்னிக்குச் சூளையில வெக்கக்கூடாது, வெடிச்சிடும்" என்றார். குயவர் நிமிர்ந்து பார்த்து, "ஆமாம்மா, நாலு நாள் ஆகும்" என்றார். முற்றிலும் உலர்ந்த மண் கன்னத்தில் குளிராது. ஈரம் மிஞ்சியிருந்தால் சூளைச் சூட்டில் அது நீராவியாகிக் கலத்தைப் பிளந்துவிடும். பொம்மைகளைத் துடைத்த இருபத்தாறு ஆண்டுகளில் அம்மா கற்றது அது. எங்களுக்கு அவர் அதைச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. மகன் ஒவ்வொரு சட்டியிலும் கன்னத்தை வைத்துப் பார்க்கத் தொடங்கினான். அவனுக்கு அதுவரை ஆயா என்பவர் உட்கார்ந்திருப்பவர். அன்று முதல் தெரிந்தவர்.

எல்லா வீடுகளையும் நாங்கள் பார்க்கவில்லை. ஆந்திரத்தின் வட்ட வீட்டைத் தொலைவிலிருந்துதான் கண்டோம். 4 மணிக்குப் புறப்பட்டுவிட்டோம். ஆனால் வழியெல்லாம் பிள்ளைகள் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருவரும் உறங்கவில்லை, அம்மாவைத் தவிர. மகளின் தோளில் தலை சாய்த்து அவர் உறங்கினார்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு வாசற்படியை ஒட்டி ஒரு சிறு திண்ணை கட்டினோம். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதி குறைந்தது. இரண்டடி அகலம், நான்கடி நீளம். சாயத் தூண் இல்லை. காலையில் அம்மா அதில் அமர்ந்து செபமாலை சொல்கிறார். உச்சிவேளையில், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பூக்காரம்மா சற்று நேரம் இருந்து போகிறார். அவர் கேட்டுக்கொண்டு உட்காருவதில்லை. மகன் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்கிறான்.

அன்பு வாசகர்களே, அடுத்த விடுமுறைக்கு நீங்களும் ஒரு தாளை எடுப்பீர்கள். இடத்தின் பெயரை எழுதுமுன், உங்கள் வீட்டில் மெதுவாக நடப்பவரின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். பார்க்கும் இடங்கள் குறையலாம். எங்கள் பட்டியலிலிருந்து ஐந்து குறைந்தன.